பாக்கியமேரியின் பசைக்குழாய்

இருதயநாதனைப் பாலக்கரையில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. மேஸ்திரியின் சட்டையைப் பிடித்ததில் ஒர்க்‌ஷாப் வேலை போயிற்று. அதன்பிறகு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சைக்கிள் பம்பு, ஸ்டவ், கைப்பம்பு என்று வந்ததைப் பழுது பார்த்தார். சாமானைக் கெடுத்தது யார் என்று கேட்டு, கொண்டுவந்தவரையே திட்டுவார். திட்டு வாங்கியவர்கள் அடுத்த தடவை வேறு கடைக்குப் போனார்கள்.

ஸ்ரீரங்கத்தில் மட்டும் கொஞ்ச காலம் தொடர்ந்து வேலை இருந்தது. அங்கே சில வீடுகளில், தோல் வாஷர் போட்ட பம்பில் வரும் தண்ணீரைத் தீட்டு என்று தளிகை சமைக்க எடுக்க மாட்டார்கள். இருதயநாதன் லாரி டயரிலிருந்து ரப்பரைச் சீவி வாஷர் செய்து போடுவார். "தோல் இல்லையே? நிச்சயமா இல்லையே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள்.

"நக்கிப் பாருங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அந்தத் தெருவும் போயிற்று.

வீடு நடந்தது அவர் மனைவி பாக்கியமேரியின் கூலியில். உறையூரில் நல்லுசாமியின் சுருட்டுக் கம்பெனியில் அவள் சுருட்டு சுற்றினாள். உள் இலைகளை வைத்து உருட்டி, மேல் இலையைச் சுற்றி, அதன் ஓரத்தில் விரலால் மாவுப் பசை தடவி ஒட்ட வேண்டும். புகையிலைச் சாறும் புளித்த பசையும் சேர்ந்து விரல் நுனியை அரித்தன. நகக்கண் வெடித்து, உப்பு பட்டால் எரிந்தது.

விரலைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. பாக்கியமேரி இடதுகைக்காரி. சிறுவயதில் அவள் அம்மா அந்தக் கையை முதுகோடு கட்டிப்போட்டு வலது கையைப் பழக்கியிருந்தாள். சிலுவை போடுவது, காசு கொடுப்பது, பரிமாறுவது எல்லாம் வலதுக்கு வந்துவிட்டன. வேகமாகச் செய்ய வேண்டியது மட்டும் வரவில்லை. பசை தடவுவதை இடது விரலால்தான் செய்தாள். பிறர் வாயில் வைக்கிற பொருள். நல்லுசாமிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கையை மாற்றிக்கொள்வாள்.

கம்பெனிக் கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததை அவர்கள் வீணாக்கவில்லை.

"நல்ல இலையா பாத்து இங்கிட்டுத் தள்ளு மேரி" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அழகம்மாள். "எனக்கு வாய் சும்மா இருக்காது. முதலாளி வந்தா என்னத்தையாவது சொல்லித் தொலைச்சிருவேன்."

பாக்கியமேரி தள்ளுவாள். ஓட்டை இலைகளைத் தான் வைத்துக்கொள்வாள். அவள் சுருட்டில்தான் கழிவு அதிகம் என்று கணக்குப்பிள்ளை திட்டுவார்.

இருதயநாதனுக்கு எதுவும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் அவள் கையைப் பார்த்ததில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டார். "சோத்துல பசை நாத்தம் அடிக்குது."

"விரலை வெட்டிப் போட்டுட்டு வந்து பிசையட்டுமா?"

அப்போதுதான் விரல்களைப் பார்த்தார். எழுந்து தன் தகரக் கொட்டகைக்குப் போனார். இரக்கத்தால் அல்ல. கையில் பிடித்து அழுத்தினால் வேண்டிய அளவு பசை மட்டும் வரும் ஒரு குழாய் செய்துவிட்டால், நல்லுசாமி கொட்டகையில் உள்ள நாற்பது பெண்களுக்கும் நாற்பது விற்கலாம் என்று தோன்றியது.

சைக்கிள் பம்பை அறுத்து முதல் குழாயைச் செய்தார். பசை வரவில்லை. வந்தபோது மொத்தமாக வந்தது. தோல் வாஷர் பசையில் ஊறிப் பருத்து உள்ளே இறுகிக்கொண்டது. டயர் ரப்பரைச் சீவிப் போட்டார். பின்னால் ஸ்பிரிங் வைத்தார். கட்டைவிரலால் அழுத்த ஒரு நெம்பு. விட்டதும் ரப்பர் சற்றுப் பின்வாங்கி, குழாய் மூக்கில் நிற்கும் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இடம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சொட்டு நிற்கிறவரை லேத்தையும் மாதாவையும் ஒரே மூச்சில் திட்டினார்.

பெண்கள் வேலை செய்யும் கொட்டகைக்குள் வெளி ஆண்களை விட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு குழாயையும் பாக்கியமேரிதான் முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய் மறைவாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூக்கை எந்தப் பக்கம் வளைக்கணும்?"

"இந்தப் பக்கம்."

"நெம்பு?"

"இங்க. விரல் எட்ட மாட்டேங்குது, இன்னும் கிட்டக்க."

ஏன் அந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசிக் குழாய் அவள் இடது உள்ளங்கைக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அன்று அவள் விரலில் பசை படவில்லை.

மறுநாளே இருதயநாதன் நல்லுசாமியிடம் போய் நாற்பது குழாய்க்குப் பேசிவிட்டு வந்தார். திங்கட்கிழமை எல்லோர் முன்னிலும் பாக்கியமேரி செய்து காட்ட வேண்டும்.

"எனக்கு ஒண்ணு செஞ்சீங்க. அது போதும்" என்றாள் அவள்.

"ஒண்ணை வச்சு நாக்கு வழிக்கவா?"

"முதலாளி முன்னாடி நான் பிடிக்க மாட்டேன்."

"பிடிக்காட்டி அந்தக் கம்பெனிக்கே நீ போக வேணாம். குழாயை நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுர்றேன்."

காரணத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தாள். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை நல்லுசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருதயநாதனை வாசல்படியில் நிற்க அனுமதித்தார்கள். பாக்கியமேரி குழாயை வலது கையில் எடுத்தாள். முதல் சுருட்டில் பசை இலையில் படாமல் பலகையில் விழுந்தது. இரண்டாவதில் இலை கிழிந்தது.

"என்னப்பா இருதயம், மாட்டுக்கு மருந்து பீச்சுற குழாயைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் நல்லுசாமி. பெண்கள் சிரித்தார்கள்.

"ஒழுங்காப் பிடிடி!" என்று வாசலிலிருந்து கத்தினார் இருதயநாதன்.

பாக்கியமேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். குழாயை இடது கைக்கு மாற்றினாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை. இலை சுற்றியது, மூக்கு ஒருமுறை தொட்டது, சுருட்டு உருண்டு ஒதுங்கியது. அழகம்மாள் ஒன்று முடிப்பதற்குள் இவள் மூன்றாவதை எடுத்துவிட்டாள். நல்லுசாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஒரு சுருட்டை எடுத்து ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சுருட்டைப் பாக்குறீங்களே, கையைப் பாருங்க முதலாளி" என்றாள் அழகம்மாள். "நொட்டாங்கை. இத்தன வருஷமா அந்தக் கையாலதான் ஒட்டுறா."

நல்லுசாமி கையிலிருந்த சுருட்டைப் பலகையில் போட்டார்.

"நெசமா?" என்றார் நல்லுசாமி.

"கையால ஒட்டலைங்க. குழாய்தான் ஒட்டுது" என்றாள் பாக்கியமேரி. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாருங்க, ஈரம் இருக்கா? அழகம்மா அக்கா விரலைப் பாருங்க. பசை காஞ்சா நாக்குல வச்சுத்தான் நனைச்சுக்குது. எல்லாரும் அப்படித்தான். ஊரான் வாயில போறது இவங்க எச்சில்."

அழகம்மாள் விரலை மடித்துக்கொண்டாள். அதை நல்லுசாமி பார்த்தார்.

அவர் வியாபாரி. இடது கையை மறந்துவிட்டு, குழாயை வாங்கி அழகம்மாளிடம் நீட்டினார். "நீ பிடி."

அழகம்மாள் வலது கையால் வாங்கி அழுத்தினாள். மூக்கு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பசை பக்கத்தில் இருந்தவள் மடியில் போய் விழுந்தது. அடுத்தவள் மூக்கை உள்பக்கம் திருப்பினாள். நெம்பு சுண்டுவிரலுக்கு அடியில் போயிற்று. கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"இவளுக்கு மட்டும் செஞ்சுட்டு எனக்கு நாப்பது விக்க வந்தியா?" நல்லுசாமி எழுந்தார். "நாப்பது பேரையும் நொட்டாங்கைக்கு மாறச் சொல்றியா? கட்டுன பொண்டாட்டிக்கு எந்தக் கைன்னு தெரியாத மனுசனெல்லாம் மிஷின் செய்ய வந்துட்டான். போ. சோத்தாங்கைக்குச் செஞ்சு எடுத்துட்டு வா, அப்பப் பேசுவோம். அவ அந்தக் குழாயோட இருக்கட்டும். குழாய் இல்லாம பசையைத் தொட்டா, அன்னிக்கே கணக்கை முடிச்சிருவேன்."

வீட்டில் இருதயநாதன் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஏண்டி சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

நாலு நாள் கழித்து அவர் மரத்தில் ஒரு மாதிரிக் கைப்பிடி கடைந்து எடுத்துவந்து நீட்டினார். "சோத்தாங்கையில பிடி. அளவு பாக்கணும்."

"எனக்கு அந்தக் கை வராது."

"நாப்பது குழாய்டி!"

"நாப்பது வந்தா எல்லார் விரலும் சுத்தமாயிரும், என் நொட்டாங்கைதான் பேச்சா மிஞ்சும். மறுபடி அழகம்மா அக்கா சொல்ற இலையை எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்கணும். இப்ப எவளும் எங்கிட்ட வாயைத் திறக்கிறதில்ல. கொட்டகையில நாப்பது பொம்பளைங்க இருக்காங்க. போய்க் கேளுங்க."

தன் கையை அளவு வைத்து அவர் ஒன்று செய்தார். அது ஆண் கை. லேத் பிடித்த கை. அந்தக் குழாயை நல்லுசாமி ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்தார். அவள் கட்டைவிரல் நெம்பை எட்டவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வேலை விடும் நேரம், இருதயநாதன் மரப்பிடியோடு கம்பெனி வாசலில் போய் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். வெளியே வந்த பெண்களிடம் பிடியை நீட்டி, "கொஞ்சம் பிடிச்சுக் காட்டும்மா, கை அளவு பாக்கணும்" என்றார். முதலில் வந்தவள் விலகி நடந்தாள். அடுத்தவள் காறித் துப்பினாள்.

"பொம்பளைங்க கையைப் பிடிச்சுப் பாக்க வந்திருக்காரு" என்றாள் அழகம்மாள், தெருவுக்கே கேட்கும்படி. "ஜோசியமாய்யா? வீட்டுல உள்ளவ கையை மொதல்ல பாத்தீரா?"

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். என்ன ஏது என்று கேட்டார்கள். இருதயநாதன் பிடியைச் சட்டைக்குள் செருகப் பார்த்தார், அது நுழையவில்லை.

பாக்கியமேரி கடைசியாக வந்தாள். கழுவித் துடைத்த குழாய் துணியில் சுற்றி இடுப்பில் இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இருதயநாதன் பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

"வழியை விடுங்க" என்றாள்.

அவர் ஒதுங்கினார். அவள் பாலக்கரைப் பக்கம் நடந்தாள்.