எலுமிச்சைக்கு ஊற்றிய தண்ணீர்

பூட்டுக்காரருக்குச் செடிகொடி என்றாலே ஆகாது. ஆஸ்பத்திரிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே குப்பைமேடாய்க் கிடந்த இடத்தை டீச்சர், பஸ் டிரைவர், ரொட்டிக்கடைக்காரர் என்று ஏழெட்டுப் பேர் கூலி வாங்காமல் தோட்டமாக்கியபோது, "வேலைவெட்டி இல்லாதவங்க" என்று கடைக்குள் இருந்தபடியே முணுமுணுத்தவர் அவர். அந்தக் கூட்டத்தில்தான் அவருடைய ஒரே மகளும் சேர்ந்துகொண்டாள். வாய் ஓயாமல் பேசுவதால் எல்லாருக்கும் அவள் குருவி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், முழங்கால்வரை சேற்றை அப்பிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பாள். "சாவி அராவுற கைய ஒரு நாளாவது மண்ணுல வைங்கப்பா, துரு போகும்" என்பாள். அவருக்குச் சிரிப்பு வரும். கை மட்டும் வைக்கமாட்டார்.

அந்தக் குருவிதான் காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்து என்ன பிரயோஜனம்? கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். நியாயம் என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்குமா?

வீட்டில் அவள் விட்டுப்போன உயிர் ஒன்றே ஒன்று. பிழிந்துபோட்ட எலுமிச்சையின் விதையைப் பெயின்ட் டப்பாவில் ஊன்றிச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். முழ உயரம் வந்திருந்தது. வெயில் எட்டாத ஜன்னல். நாளுக்கு நாள் கன்று வெளுத்துக்கொண்டே போனது. சோறு தண்ணி மறந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி, "இதுவும் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியலங்க" என்றாள். அன்றைக்கே டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனார்.

அங்கே எல்லாருக்கும் மேலே ஓய்வுபெற்ற நர்ஸம்மா. கறார் பேர்வழி. நல்ல வெயில் படும் மூலையாகப் பார்த்துத் தானே குழி தோண்டி நட்டார். சுற்றிலும் சருகு பரப்பினார். ஒரு செடிக்கு ஒரு ஆள்தான் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். "இது களிமண், தண்ணி கீழ இறங்காது. புதனும் ஞாயிறும் ஒரு குவளை போதும். நான்தான் ஊத்துவேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பூட்டுக்காரரும்தான் ஆட்டினார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் களை பிடுங்கப் போனார். மனைவியை எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. அவர் வீடு திரும்பியதும் ஒரே கேள்விதான்.

"துளிர் விட்டிருக்கா?"

"விட்டிருக்கு."

ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு இலை மஞ்சளித்தது. அவர் பதிலை மட்டும் மாற்றவில்லை. வாடிய இலையைப் பார்த்தால் தாகம் என்றுதானே பெற்ற மனசுக்குத் தோன்றும்? காலையில் கடை திறக்கப் போகும் வழியில், நர்ஸம்மா கண்ணில் படாமல் ஒரு பாட்டில் ஊற்றினார். மேலே சருகு மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. விலக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இன்னும் மஞ்சளித்தது. இன்னொரு பாட்டில் ஊற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இலையெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. நர்ஸம்மா லேசாகத்தான் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது.

"யாரு ஊத்துனது?"

பூட்டுக்காரர் முன்னே வந்தார். "நான்தான்க்கா. தினம் காலையில ஒரு பாட்டில்."

ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் ஊத்தினேண்ணே. கடை சாத்திட்டுப் போறப்ப. நம்ம குருவியோடதாச்சே, காஞ்சிடக் கூடாதேன்னு."

அப்புறம் டீச்சர் சொன்னார், பஸ் டிரைவர் சொன்னார். ஆளுக்கொரு வேளை, ஒருவருக்கொருவர் தெரியாமல். கடைசியில் நர்ஸம்மாவே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் மனசு கேக்கல தம்பி. தினம் ஊத்தினேன். காலமெல்லாம் நோயாளிக்கு மருந்த அளந்து குடுத்தவ நான்."

யாரைக் கோபித்துக்கொள்வது? எல்லாரும் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பாழாய்ப்போன பாசம். "ஒருத்தராவது மறந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார் பூட்டுக்காரர். கேட்டவர் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர்.

வீட்டுக்குள் நுழையக் கால் வரவில்லை. மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போயிடுச்சா?"

"ம்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்ககிட்ட சொல்லல" என்றாள். "நீங்க துளிர் விட்டிருக்குன்னு சொல்வீங்க, நான் போய்ப் பார்த்தா வாடித்தான் கிடக்கும். தினமும் மத்தியானம் போய் ரெண்டு பாட்டில் ஊத்திட்டு வந்தேன். இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கணுமோ?"

வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வேர்ல புழு விழுந்துடுச்சும்மா" என்றார். "நீ ஊத்தின தண்ணியிலதான் இத்தனை நாள் நின்னுச்சு."