டென்சில் காவல் காத்த காடு

டென்சில் புரோபர்ட்டைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்றால், தினமும் சவரம் செய்துகொள்வார் என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

இங்கிலாந்தில், ஹெரிஃபோர்டுஷையரில் இருக்கும் எங்கள் ஊர் பிரெட்விக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்ல, பழைய சந்தை மண்டபத்தில் ஓர் அறை உண்டு. சம்பளமில்லாத வேலை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற டென்சில் தானாக வந்து ஒட்டிக்கொண்டார். மனுஷரைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று யோசித்தேன். வருகிறவர்களை ஊரை ஒட்டிய பிராக்கன் காட்டுப் பக்கம் போகவிடாமல் திருப்பிவிடுவதுதான் வேலை என்று சீக்கிரமே புரிந்தது.

அந்தக் காட்டில் ஓர் ஓடை, சின்ன அருவி, மே மாதத்தில் மரத்தடியெல்லாம் நீலப் பூ இருக்குமாம். டென்சில் தினமும் சாயங்காலம் பிளாஸ்கில் தேநீரோடு போய் உட்காருவார். நிலம் என்னவோ ஒரு பண்ணைக்காரருடையது. இவருக்கோ அப்பன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு.

ஒருநாள் பர்மிங்ஹாமிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள்.

“பக்கத்துல காடு எதாவது இருக்கா சார், நடந்துபோற மாதிரி?”

“ஒண்ணு இருக்கு. ஆனா முழங்கால் அளவு சேறு. போன வாரம் ஒரு அம்மா ஒத்தை பூட்ஸோடதான் திரும்பி வந்தாங்க. நீங்க கோட்டைக்குப் போங்க. காரை வாசல்லயே நிறுத்தலாம்.”

அவர்கள் நன்றி சொல்லிப் போனதும் நான் கேட்டேன்.

“கோட்டையில முழுசா ஒரு சுவர்கூட இல்லையே. ஏன்யா இப்படி வாய் கூசாம புளுகுற?”

“வந்து மிதிச்சு நாசம் பண்ணுவாங்க எனிட். நீ உன் டீயைக் குடி.”

வெளியூர்க்காரர்களிடம் மட்டுமா? பிள்ளைகளை அழைத்துப்போக விரும்பிய பள்ளி ஆசிரியை மிஸ் ஹாட்ஜஸிடம், அங்கே விரியன் பாம்பு நெளிகிறது என்றார். நாய் வைத்திருப்பவர்களிடம் உண்ணி கடிக்கும் என்றார். ஊரே நம்பியது. அற்ப மனுஷன், தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரிப்பார்.

பிறகு பண்ணைக்காரர் காட்டை அழித்து நீளநீளமாகக் கோழிக் கொட்டகை போடப் போவதாகச் செய்தி வந்தது. தடுக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு பாதையில் ஜனங்கள் இருபது வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால், எங்கள் நாட்டுச் சட்டப்படி அது பொதுப் பாதை. அதை யாரும் அடைக்க முடியாது. ஆனால் அந்தக் காட்டுப் பாதையில் நடந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். மாவட்ட அதிகாரி விசாரிக்க வருவதாகத் தெரிந்ததும், டென்சில் ஒரு நாளும் தட்டாத கதவுகளைத் தட்டி, கூட்டத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். அந்தக் காடு போனால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

ஊர்க் கூடத்துக்கு எல்லோரும் வந்தார்கள், பாதிப் பேர் கேக்குக்காக. டென்சில் எழுந்து, முப்பது வருஷமாகத் தினமும் போகிறேன் என்றார்.

“வழியில வேற யாரையும் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

“ஒரு ஈ காக்கா வராது சார்!” மனுஷனுக்குப் பெருமை பொங்கியது. “அதுதானே அந்த இடத்தோட அழகே!”

சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.

மிஸ் ஹாட்ஜஸ் எழுந்தார். “நாங்க போகலைங்க. விரியன் இருக்குன்னு அவர்தானே சொன்னாரு.”

“எங்ககிட்ட உண்ணின்னாரு,” என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

டென்சில் என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலை நான் பார்த்ததில்லை.

“எனிட், நீ போயிருக்கேல்ல? சொல்லேன்.”

ஒரு பொய் போதும். எனக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது. ஆனால் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அவர் என்ன மதித்தார்?

“நீ ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடலையே, டென்சில்,” என்றேன்.

சில மாதத்தில் பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி வந்தது, பின்னாலேயே மரம் அறுக்கிற இயந்திரமும். வேலியோரம் நின்று டென்சில் அழுதார் என்றார்கள். அழட்டும். ஊரே பார்த்திருக்க வேண்டிய காட்டை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தவர்.