மூலையில் ஏறிய எண்

திண்டுக்கல்லில் நத்தம் சாலையோரம் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே வரைபட வேலை மொத்தமும் அமலராணி கையில்தான். புதிதாக வருகிறவர்கள், "என்ஜினியர் சார் இல்லையாம்மா?" என்பார்கள். "நான்தான், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். பாலிடெக்னிக் முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கியவள்.

போன ஆடியில், டிரெய்லரை டிராக்டரோடு பிணைக்க 'ட' வடிவத்தில் ஒரு தகட்டைப் புதிதாக வரைந்தாள். கையால் போட்ட கணக்கில் அது தாராளமாகத் தாங்கியது. புதிதாகச் சேர்ந்திருந்த செழியன் அதையே கணினியில் ஏற்றிப் பார்த்தான். உள்மூலை செக்கச்செவேலென்று தெரிந்தது. அங்கே தகைவு, அதாவது பாரத்தால் இரும்புக்குள் ஏறும் அழுத்தம், அவள் கணக்கைவிட நாலு மடங்கு.

முதலாளி முத்துச்சாமி பதறிவிட்டார். "தடிமனை ரெண்டு மடங்காக்கிருவோம்மா. பாரத்தோட ரோட்டுல அத்துக்கிட்டா என்ன செய்ய?"

"செத்த பொறுங்கண்ணே. செழியா, மூலையில கட்டங்களை இன்னும் பொடிசாக்கு."

தகட்டைச் சிறு கட்டங்களாக நறுக்கித்தான் கணினி கணக்குப் போடும். பொடிசாக்கியதும் ஆறு மடங்கானது. இன்னும் பொடிசாக்க, ஒன்பது.

அமலராணி சிரித்துவிட்டாள். "இது ஏறிக்கிட்டேதான் போகும். படத்துல மூலை கத்தி மாதிரி கூரா இருக்கு, அங்க தகைவுக்கு எல்லையே கிடையாது. நெசத்துல அம்புட்டுக் கூரா எந்த இரும்பும் இருக்காது. கூரா வரைஞ்சது நான்தான், வளைவா மாத்துறேன்."

மூலையை வளைத்ததும், எவ்வளவு பொடிசாக்கினாலும் எண் இரண்டு மடங்கிலேயே நின்றது.

"இன்னும் உங்க கணக்கைவிடக் கூடத்தான இருக்குக்கா?" என்றான் செழியன்.

"இருக்கும்ப்பா. என் கணக்குக்குத் தகடு நேரான சட்டம் மாதிரி. மூலையில விசை திரும்புறப்போ நெருக்கியடிக்கிறது அதுக்குத் தெரியாது. மூலையை விட்டுத் தள்ளிப் பாரு, ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

இருந்தது. ஆனாலும் முத்துச்சாமிக்கு மனம் ஆறவில்லை. அவளும் வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. வளைத்து வெட்டிய தகட்டில், இரும்பு நீள்வதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி, முழுப் பாரத்துக்கு ஜாக்கியால் இழுக்க வைத்தாள். மூலையில் கணினியின் புது எண்ணுக்கு வெகு பக்கத்தில் வந்தது. தள்ளி ஒட்டிய இடத்தில் அவள் கணக்கு. இரும்பு தாங்கும் அளவுக்கு இரண்டுமே கீழே.

"அப்ப பழைய தடிமனே போதும்ங்கிற?"

"போதும்ண்ணே. வெட்டச் சொல்லுங்க."

முதல் டிரெய்லரைத் தாடிக்கொம்புத் தேங்காய் வியாபாரி ஒருவர் ஓட்டிப்போனார். இப்போது செழியன் எந்தப் படத்தையும் கையால் ஒரு கணக்குப் போடாமல் அவளிடம் கொண்டுவருவதில்லை.