பௌர்ணமிக்கு மறுநாள் ரூபீனா டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்குச் செய்தி வந்தது. பிரேயருக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ரூபீனா டீச்சர் விடியற்காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி சைஃபுல்லா போனில் சொன்னார்.

அடி அண்ணாமலையில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் அறிவியல் நடத்தியவர். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு. அவருடைய பாடத்துக்கான சாமான்கள் பௌர்ணமிக்கு மறுநாள் வந்து சேரும்: கிரிவலம் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், ஸ்ட்ரா, பேப்பர் கப். பிள்ளைகள் சாக்கோடு போய்ப் பொறுக்கி வந்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். அரசு கொடுத்த கருவிகளும் அலமாரியில் உண்டு. "அது உடைஞ்சா நான் பதில் சொல்லணும். பாட்டில் கிழிஞ்சா இன்னொண்ணு இருக்கு" என்பார்.

போன வருடம் இந்தப் பொறுக்கலுக்கே ஆபத்து வந்தது. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் சடையன், ஏழாம் வகுப்பில் படித்த மகள் இனியாவுக்கு டி.சி. கேட்டு வந்தார். வேறு பள்ளிக்குப் போக அவளுக்கு மனமில்லை. கதவோரம் அழுதுகொண்டு நின்றாள்.

"எம்பொண்ணு சாக்கு தூக்கினு போறத சொந்தக்காரங்க எல்லாம் பாத்துட்டாங்க. படிக்க அனுப்பினா குப்பை பொறுக்க விடறீங்களே, டீச்சர்."

"டி.சி. எழுதித் தரேங்க. அவ செஞ்சத மட்டும் பாத்துட்டுப் போங்க."

இனியா நுரையீரல் மாதிரியைக் கொண்டு வந்தாள். அடி வெட்டிய பாட்டில். மூடியில் செருகிய ஸ்ட்ராவின் முனையில், உள்ளே தொங்கும் பலூன். அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர். ரப்பரைக் கீழே இழுத்தாள். பலூன் அசையவில்லை.

"இதுக்குத்தான் சாக்கா?" என்றார் சடையன்.

"ஏன் வேலை செய்யலனு பாரு, இனியா" என்று சொல்லிவிட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

இரண்டு நிமிடத்துக்குமேல் சடையனால் பொறுக்க முடியவில்லை. "காத்து போவுதுடி. குடு இங்க." ஸ்ட்ராவின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, மூடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, ரப்பரை உள்பக்கமாக அழுத்தினார். ஸ்ட்ராவைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. "பாத்தியா, எவ்ளோ ஜாஸ்தியா வருது." துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பஞ்சர் சொல்யூஷனைத் தடவிக் காயவிட்டார். இனியா மறுபடி இழுத்தாள். பலூன் உப்பியது.

"நம்ம நெஞ்சுல இப்படித்தான் நடக்குதுப்பா" என்றாள்.

அவரும் நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

"டி.சி. இன்னைக்கே வேணுமாங்க?" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும். பழைய டியூப் நெறைய கெடக்குது. உங்களுக்கு ஆவுமா?"

ஆனது. அந்த டியூபில் பிள்ளைகள் செய்யாத பொருள் கொஞ்சம்தான். தப்பான பதிலுக்கு டீச்சர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. "செஞ்சு பாத்துட்டுச் சொல்லு" என்பதோடு சரி. இப்போதெல்லாம் என் வகுப்பிலேயே பிள்ளைகள் என் விடையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அது நிற்காது.

இனியா இப்போது இங்கேயே எட்டாம் வகுப்பு. டீச்சர் இறப்பதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, அவளுடைய குழு பாட்டிலில் கை பம்பு செய்யத் தொடங்கியது. மேல் வால்வை ஒட்டியிருக்கிறார்கள். கீழ் வால்வுக்கு டியூப் இன்னும் வெட்டவில்லை.