ஒரு பிடி திரும்பப் போடுங்கள்

மதுரையில் நான் பணிபுரியும் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமைக் காலைகளில் புத்தகங்களோடு அரிசியும் வருகிறது. பேராசிரியர் வீட்டுப் பெண்மணிகளும், அலுவலக எழுத்தர்களும், மேற்கே வயற்காட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் தகப்பன்மாரும், நாள்தோறும் உலை வைக்குமுன் ஒதுக்கிய பிடியரிசியைச் சிறு பைகளில் கொணர்கிறார்கள். விடுதிச் சமையற்கூடத்தின் பின்னறையில் உள்ள பெரிய பானையில் கொட்டிச் செல்கிறார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துபோன மாணவரும் ஊழியரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வர். காவல் இல்லை; ஏன் எடுத்தாய் என்று கேட்பாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களூர்க் கோயில் மடத்தில், திருவிழா நாள்களில் அடியார்க்கு அமுது படைத்தவன் நான். பதிகம் ஓதி முடித்த பின்பே அகப்பையைத் தொடுவோம். ஒருமுறை இட்டதை மீண்டும் சட்டியில் சேர்ப்பது இட்டவரையும் உண்பவரையும் ஒருசேர அவமதிப்பது என்று அங்கே கொள்வோம். ஏந்தும் கையின் நிலையை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்ததில்லை.

இங்கு வந்து சேர்ந்தபோது நானும் என் மகள் வசந்தியும் மட்டுமே. திருநகரில் ஓர் ஒற்றை அறை. எனது தற்காலிகத் தமிழாசிரியப் பணிக்கு மேலிடத்து ஒப்புதல் வராமையால் சம்பளம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதே கல்லூரியில் விலங்கியல் படித்த வசந்தி ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் பசியால் மயங்கி விழுந்தாள். அன்று மாலை அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, நான் கப்பலூர் மில்லுக்கு வேலைக்குப் போறன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கினம். படிப்பைப் பிறகு பாப்பம்."

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை."

அதட்டிவிட்டு, அரிசி தீர்ந்த பையை மடித்து மறுநாளுக்கு எடுத்து வைத்தேன்.

மறுநாள் வெள்ளி. பையோடு பின்னறைக்குச் சென்றேன். மனத்துள் பதிகம் ஓதியபடியே எங்களுக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் நூலக உதவியாளர் பேச்சியம்மாள் நின்றிருந்தார்.

"வாத்தியாரய்யா, நில்லுங்க. ஒரு பிடி திரும்பப் போட்டுட்டுப் போங்க."

அளவுக்கு மிஞ்சி எடுத்துவிட்டேன் என்று இடித்துரைக்கிறார் என்றே கொண்டேன். முகம் தீய்ந்தது. பை முழுவதையும் பானையில் கவிழ்த்துவிட்டு வெளியேறினேன். அன்றும் எங்கள் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலை பேச்சியம்மாள் எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா, ஒரு பிடி போடுங்கன்னா அம்புட்டையும் கொட்டிட்டுப் போறீக! எம்புட்டு ரோசம்! நானும் அதுல எடுக்குறவதான். எடுக்குற கையும் ஒரு பிடி திரும்பப் போடணும், அதான் இங்க வழக்கம். அப்பத்தான் அது நம்ம பானை. இல்லாட்டிப் பிச்சைப் பானையாயிரும்ல?"

கடல் தாண்டிய பின் முதன்முறையாக வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பாவுக்குக் குடுத்துத்தான் பழக்கம், அக்கா. எடுக்கத் தெரியாது."

"அதத்தான் தாயி நானும் சொல்றேன். குடுத்துக்கிட்டே எடுக்கட்டும்!"

அவரோடு சென்று அரிசி எடுத்தேன். ஒரு பிடியைத் திரும்பப் போட்டேன். மடத்தில் கற்ற ஒழுங்கை என் கை மீறியது. ஆனால் தலை குனியவில்லை. திங்களன்று வசந்தி கப்பலூருக்குப் பேருந்து ஏறாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

இப்போது சம்பளம் தவறாமல் வருகிறது. எடுக்கும் தேவை நீங்கிவிட்டது, வெள்ளிதோறும் போடுகிறேன். விரல்கள் விரியும்போது வாய் அங்கயற்கண்ணியின் பெயரைச் சொல்கிறது. உள்ளமோ, ஊரில் பூட்டிவிட்டு வந்த எங்கள் வீட்டு அடுக்களை வாசலில், இந்த வெள்ளிக்கு இங்கே யார் உலை வைப்பார் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.