சின்னத் துரை போட்ட கையெழுத்து

இங்கிலாந்தில் நான் மருத்துவமனைத் தாதியாக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் மாதம் தவறாமல் ஒரு பத்திரிகை என் வாசல் கதவுத் துளை வழியாக வந்து விழும். நாலே பக்கம், மட்டமான தாள், தொட்டால் கையெல்லாம் மை. தலைப்புக்குக் கீழே எப்போதும் அதே வரி: இங்கே பிறந்துவிட்டால் மட்டும் ஒருவன் இந்த நாட்டுக்காரன் ஆகிவிட மாட்டான். அதன் ஆசிரியர்தான் ஒரு குட்டிக் கட்சிக்கும் தலைவர். ஆறு முறை தேர்தலில் நின்று ஆறு முறையும் டெபாசிட்டைப் பறிகொடுத்தவர். எங்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்று கடைத்தெருவில் ஒலிபெருக்கியோடு நின்று கத்துவார். அவர் பத்திரிகையில்தான் நான் கருவாடு மடித்து வைப்பேன்.

என் அம்மா எங்கள் ஊரான தம்பினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார். அதனால் எழுபத்தொரு வயதிலும் அம்மா கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களின் நீல அட்டை இல்லை, ஓட்டு இல்லை. நான் ஊர் திரும்பி மறுபடியும் மனுப் போட்டபோது, பிறந்ததை நேரில் அறிந்த சாட்சி ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்து ஆள் யார் மிச்சம்? அம்மாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. அவரைப் பெற்ற என் பாட்டி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாராம். அங்கே பாட்டி வளர்த்த துரையின் பிள்ளை ஒன்று உண்டாம், சின்னத் துரை என்று கூப்பிடுவார்களாம். அம்மா சொன்ன துரையின் குடும்பப் பெயரைப் பிடித்து இணையத்தில் தேடினேன். படம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாட்சாத் என் கருவாட்டுப் பத்திரிகை ஆசிரியர்!

வாய்க்கு வந்தபடி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, பணிவாக இன்னொன்று எழுதி அனுப்பினேன். ஆயாவின் மகளுக்காக நேரிலேயே வருவதாகப் பதில் வந்தது. தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் நிலையத்துக்குள் ரயில் நுழைந்தபோது நானும் அம்மாவும் நடைமேடையில் நின்றிருந்தோம். எண்பதை நெருங்கிய மனிதர் தடுமாறி இறங்கினார், அம்மாவைப் பார்த்தார், “சாப்பிட்டியா கண்ணு?” என்றார். அவருடைய தமிழ் ஏழு வயதோடு நின்றுபோன தமிழ். ஆயா அவரிடம் பேசியதுதான் அவருக்குத் தெரிந்த மொத்த மொழியும். அதனால் எல்லாரும் அவருக்கு ‘நீ’, எல்லாரும் ‘கண்ணு’. காரில் ஏறியதும் கதையைக் கொட்டினார். பங்களாவின் பின்படியில் ஆயா வலியில் உட்கார்ந்துவிட்டாராம். இவர் வெறுங்காலோடு தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு ஓடி மருத்துவச்சியைக் கூட்டி வந்தாராம். குழந்தையை முதலில் பார்த்தது தானே என்று ஒரே பெருமை. அம்மா சிறுபிள்ளையாட்டம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

தம்பினில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் அவர் சாட்சிக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். ஆணையர் ஒரு தமிழர், பொல்லாத முசுடு. அவரையும் “உக்காரு கண்ணு” என்றார் துரை. அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது நான்தான். யாரும் கேட்காத ஒரு வரியைக் கடைசியில் வேண்டுமென்றே சேர்த்திருந்தேன்: இங்கே பிறந்ததால் இவர் இந்த நாட்டுக்கு உரியவர் என்று மனமார நம்புகிறேன். அந்த வரியில் அவர் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.  என் வாய்க்கொழுப்பால் அம்மாவின் அட்டையைக் கெடுத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். அந்த வரி அவசியமில்லை, அடித்துவிடலாம் என்று ஆணையரும் சொன்னார்.

விஷயம் தெரியாத அம்மா கேட்டார்: “எங்கம்மாவுக்காக நீங்க ஓடுனதுதானே எழுதியிருக்கு, தொரை? பொய்யா?”

துரை பேனாவை மறுபடியும் தாளில் வைத்தார். “இல்ல கண்ணு, நெசம்தான்” என்றார். எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் என்னை ஓரமாக அழைத்து, இது தன் ஊரில் யார் காதுக்கும் போகக்கூடாது என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். நானும் பாவப்பட்டுத் தலையாட்டினேன். அம்மா விடவில்லை, என்னவென்று கேட்டார், அவர் கெஞ்சியதைச் சொன்னேன்.

“இங்கதான் பொறந்தேன்னு காலம் பூரா சொல்லிப் பார்த்துட்டேன், ஒருத்தரும் நம்பல. இப்பதான் ஒரு சாட்சி கெடைச்சிருக்கு, நான் வாய மூடிக்கிட்டு இருக்கணுமா, லா?” என்றார் அம்மா.

அடுத்த ஆண்டு நீல அட்டை வந்தது. இப்போது தம்பின் சந்தையில் மீன்காரர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லாருக்கும் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறார். சாட்சி யாரென்று யாரும் கேட்பதில்லை. அம்மாவே சொல்லிவிடுகிறார், முழுப் பெயரோடு.