நூற்றிருபதில் நிற்காத தப்ஸ்

1. கழற்றி வைத்த ஹெட்போன்

ஜமால் நானா ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினார். அவரைப் பார்த்து குழுவில் இருந்த மற்றவர்களும் கழற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் பதிவை நிறுத்தினேன்.

"என்ன நானா, என்ன ஆச்சு?" என்று உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற டாக்பேக் மைக்கில் கேட்டேன்.

"இந்த டிக் டிக் சத்தம் காதுல இருந்தா நமக்குச் சரிப்படாதுங்க தங்கச்சி. பின்னாலேந்து யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. கோவிச்சுக்காதீங்க, நாங்க பொறப்படுறோம்."

தருமபுரத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். துணிக்கடை விளம்பரம், மாதா பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற தேர்தல் அறிவிப்பு எல்லாம் இங்கே பதிந்தவைதான். ஆரம்பத்தில் வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "சார் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தான் சார், உட்காருங்க" என்பேன். அப்படிப்பட்ட ஸ்டுடியோவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வேலை வந்தது.

ராக் கிட்டாரையும் நடனத் தாளத்தையும் கலந்து வாசிக்கிற பேண்ட் அது. புது ஆல்பம் செய்துகொண்டிருந்தார்கள். லண்டனில் இருக்கும் நம்மூர்ப் பையன் ஒருவன், தன் அக்கா கல்யாணத்தில் ஜமால் நானா குழு தப்ஸ் தட்டியதை வீடியோ எடுத்து அவர்களுக்குக் காட்டியிருக்கிறான். ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டி, கையால் தட்டுகிற அந்த வட்ட வாத்தியத்தின் சத்தம் பேண்ட்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு அது வேண்டும் என்றார்கள். நானோ தையல்கடை, மருந்துக்கடை, கோயில் வாசல் என்று ஒரு இடம் விடாமல் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது இவர்கள் எழுந்து போனால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

2. பெண் வீட்டு வாசல் வரை

பேண்டின் புரொடியூசர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். நிமிடத்துக்கு நூற்றிருபது அடி, கடைசி வரை மாறக் கூடாது. அதற்காகத்தான் அந்த 'டிக் டிக்'. எங்கள் பாஷையில் கிளிக்.

உள்ளே போய் டீ வரவழைத்தேன். டேக் எடுக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம், அதனால் எல்லாரும் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் தப்ஸ் தோலும் தொய்ந்துபோயிருந்தது. பின்கட்டில் கரியைப் பற்றவைத்து, தோலை அனலில் காட்டிக்கொண்டே நானா பேசினார்.

"மாப்பிள்ளை ஊர்வலத்துல நாங்க தட்டுறதக் கேட்டிருக்கீங்கள்ல? தெருமுனையில நிதானமாத்தான் ஆரம்பிப்போம். பொண்ணு வீடு கிட்ட வர வர வேகம் ஏறும். வாசல்ல போய் நிக்கும்போதுதான் உச்சம். ஒரே வேகத்துல தட்டுன்னா, நாங்க எங்க போறதுங்க?"

சின்ன வயதிலிருந்து நானும்தான் அந்த ஊர்வலங்களின் பின்னால் நடந்திருக்கிறேன். வேகம் ஏன் ஏறுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"நானா, அந்த ஹெட்போனே வேணாம். பொண்ணு வீட்டுக்குப் போற மாதிரியே தட்டுங்க" என்றேன்.

தட்டினார்கள். முடிந்ததும் அதையே புரொடியூசருக்கு அனுப்பினேன். இரண்டாவது டேக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

3. தெருமுனையில் நின்ற மாப்பிள்ளை

புரொடியூசர் வீடியோ காலில் வந்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் இப்படியே பயன்படுத்த முடியாது என்றார். ஆரம்பத்தில் நிதானமாக வருகிற ஒரு துண்டை மட்டும் வெட்டி, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டப் போவதாகச் சொன்னார். அதற்குச் சம்மதம் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ரெடிமேடாகக் கிடைக்கிற டிரம் சத்தத்தைப் போட்டுக்கொள்வாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படி வெட்டினால் மாப்பிள்ளை கடைசி வரை தெருமுனையிலேயே நிற்பார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சிரித்தார். முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

நானாவுக்குப் போன் போட்டேன். "வெட்டி ஓட்டுனாத்தான் எடுத்துப்பாங்களாம். என்ன சொல்லட்டும்?"

"அந்த மெஷின் விவரமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு மனசு எப்படித் தோணுதோ, அப்படிச் செய்ங்க தங்கச்சி."

பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்தில் கம்ப்யூட்டரில் நானே கையால் குறி வைத்தேன். இதற்கு டெம்போ மேப் என்று பெயர். அதைப் போட்டால் அவர்களுடைய சின்தசைசரெல்லாம் எங்கள் ஆட்களின் வேகத்துக்குத் தானாக ஏறி வரும். அனுப்பும்போது ஒரு வரியும் சேர்த்தேன்: 'மெஷினை இவர்கள் பின்னால் ஓட விடுங்கள். பிடிக்கவில்லையா, எங்களை விட்டுவிடுங்கள். வெட்ட மட்டும் வேண்டாம்.'

பதிலே இல்லை. தையல்கடைக்காரர் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, லண்டன் பாட்டு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

4. விட்ட அடி

கடைசியில் அழைத்தது புரொடியூசர் இல்லை. பேண்டின் டிரம்மர். மெஷின் பின்னால் ஓடி வந்துவிட்டதாம், இவரால்தான் ஓட முடியவில்லையாம். பயிற்சி செய்து செய்து கை வீங்கிவிட்டது என்றார். பேண்ட் முழுவதும் அந்தப் பாட்டை எங்கள் தப்ஸோடு சேர்ந்து முதலிலிருந்து மறுபடி வாசித்திருந்தார்கள். ஒரு துண்டும் வெட்டவில்லை.

ஆல்பம் வெளியான அன்று ஜமால் நானா குழுவும் தெருக்காரர்களும் வந்து, ஸ்டுடியோவில் உட்காரக்கூட இடமில்லை. தையல்கடைக்காரரை நானே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தேன். கடைசிப் பாட்டைப் போட்டேன். தப்ஸ் தெருமுனையில் கிளம்பியது. கிட்டார் சேர்ந்தது, பேஸ் கிட்டார் சேர்ந்தது, வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் ஆட்களின் பின்னால் மூச்சிரைக்க வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

கிளிக் போடுவதற்கு முன்னால், வாசிக்க வந்தவர் எங்கே போகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது அதுதான். இப்போது யார் வந்தாலும் முதல் டேக்கைக் கிளிக் இல்லாமல்தான் எடுக்கிறேன்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஜமால் நானா விரலைத் தூக்கினார்.

"இந்த எடத்துல அந்த டிரம்ஸ் தம்பி ஒரு அடி விட்டுட்டாரு, கேட்டீங்களா?" என்றார். பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார்: "பரவாயில்லீங்க. நம்ம ஊர்வலத்துல மொத தடவ நடக்குறவரு. ரெண்டு கல்யாணம் வந்தாருன்னா சரியாயிடும்."